கலங்கின தண்ணிக்குக் கையெழுத்து

சம்பந்தி: கண்ணை மூடுங்கன்னு சொன்னேன்.

சம்பந்தியம்மா: மூடித்தானே இருக்கேன்.

சம்பந்தி: ஒரு கண்ணுதான் மூடியிருக்கு.

சம்பந்தியம்மா: ரெண்டையும் மூடிக்கிட்டுத்தான் உங்க பையனுக்கு என் பொண்ணைக் குடுத்தேன். ஒரு தடவை பட்டது போதாதா சம்பந்தி?

சம்பந்தி: அவனுக்கென்ன, சொக்கத்தங்கம். இப்ப ஓடைக்கல்லைப் பத்திப் பேசுவோம். ஒரு அடி வைக்கணும், பார்க்காம குனியணும், விரல் முதல்ல எதுல முட்டுதோ அந்தக் கல்லை எடுத்து அளக்கணும். உங்க ஆபீசு வெச்ச முறை இது. நான் கண்டுபிடிச்சது இல்ல.

சம்பந்தியம்மா: அப்படித்தான் எடுத்தேன். இந்தாங்க. பட்டாணி அளவு.

சம்பந்தி: முந்தினதும் பட்டாணி. அதுக்கு முந்தினது மிளகு. ஓடை முழுக்கத் தலையணை தலையணையா கல்லு கிடக்கு, உங்க விரலுக்கு மட்டும் மளிகைச் சாமானா மாட்டுது.

சம்பந்தியம்மா: விரலோட ராசி.

சம்பந்தி: பொடிக்கல்லாவே எடுத்துக்கிட்டுப் போனா, ‘இந்த ஓடையில அடியெல்லாம் மண்ணும் சரளையும்தான்’னு கணக்கு வரும். அப்படி வந்தா யாருக்குக் கொண்டாட்டம்? எங்க கம்பெனிக்கு.

சம்பந்தியம்மா: வரட்டுமே. வாங்குற சம்பளத்துக்குக் கொஞ்சம் சந்தோஷப்பட்டா என்ன?

சம்பந்தி: ஏங்க, சுரங்கக் கம்பெனி ஆளு நானு. தண்ணி ஆய்வு ஆபீசு நீங்க. நான் திருடணும், நீங்க பிடிக்கணும். அதுதானே முறை? இன்னிக்கு எல்லாம் தலைகீழா இருக்கு.

சம்பந்தியம்மா: வயசாயிடுச்சு. துரத்திப் பிடிக்கத் தெம்பு இல்ல.

சம்பந்தி: நாம சம்பந்திங்கன்னு உங்க ஆபீசுல தெரியுமில்ல?

சம்பந்தியம்மா: தெரியாம என்ன? எழுதியே குடுத்தேன். அதைப் படிச்சுட்டுத்தான் மேலதிகாரி என்னையே போகச் சொன்னார். ஒருத்தரை ஒருத்தர் நம்பாத ரெண்டு பேர் வேணும்னா சம்பந்திங்களை விட்டா வேற யாரு இருக்காங்கன்னார்.

சம்பந்தி: விவரமான மனுஷன்.

சம்பந்தியம்மா: அவருக்கு மூணு சம்பந்தி.

சம்பந்தி: பாவம்... சரி, கல்லு கிடக்கட்டும். தண்ணியைப் பாருங்க.

சம்பந்தியம்மா: பார்த்தேன்.

சம்பந்தி: பால் ஊத்தின டீ மாதிரி ஓடுது.

சம்பந்தியம்மா: ஓடைன்னா ஓடத்தான் செய்யும்.

சம்பந்தி: மழை எப்ப பெஞ்சுது? வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல. போன தடவை இதே இடத்துல முழங்கால் தண்ணியில நின்னேன். என் கால் நகத்துல அழுக்கு இருக்குன்னு கரையிலயிருந்து சொன்னீங்க. அவ்வளவு தெளிவு.

சம்பந்தியம்மா: இருந்துச்சு. சொன்னேன்.

சம்பந்தி: அதுக்கு முந்தின தடவையும் கண்ணாடி. இன்னிக்கு என் காலே எனக்குத் தெரியல.

சம்பந்தியம்மா: அதுக்குத் தண்ணி என்ன பண்ணும்? நடுவுல தொப்பை இருக்கில்ல.

சம்பந்தி: சிரிச்சு மழுப்பாதீங்க. இன்னிக்கு எடுக்கிறதுதான் கடைசி பாட்டில். இதுக்கப்புறம் மேலே மலையை வெட்ட ஆரம்பிச்சுடுவாங்க. அப்புறம் ஒரு நாள் ஓடை சேறா ஓடி, கீழ இருக்கிற ஜனம் வந்து சத்தம் போட்டா, எதை எடுத்துப் பார்ப்பீங்க?

சம்பந்தியம்மா: வெட்டறதுக்கு முன்னாடி எப்படி ஓடிச்சுன்னு பார்ப்போம்.

சம்பந்தி: அதாவது இந்தப் பாட்டிலை. உங்க முறையில கடைசிப் பாட்டில்தான் கணக்கு. இதுல சேறு இருந்தா?

சம்பந்தியம்மா: ‘அன்னிக்கே இப்படித்தான் இருந்துச்சு, போயி வேலையைப் பாருங்க’ன்னு அனுப்பிடுவோம்.

சம்பந்தி: தெளிவா இருந்தா?

சம்பந்தியம்மா: உங்க முதலாளி தலையில துண்டைப் போட்டுக்கிட்டு, வண்டலைத் தேக்கி நிறுத்த ரெண்டு குட்டை வெட்டணும். அதை வெட்டின பிறகுதான் மலையில கையை வைக்க முடியும். பாடம் ஒப்பிச்சாச்சு. பாஸா?

சம்பந்தி: இவ்வளவு தெரிஞ்சுமா இந்தக் கஷாயத்தைப் பிடிக்கப்போறீங்க?

சம்பந்தியம்மா: ஓடையில என்ன வருதோ அதைத்தானே பிடிக்க முடியும்? பன்னீரா பிடிக்கிறது? கயிறைப் பிடிங்க. நான் நடு ஓடைக்குப் போறேன்.

சம்பந்தி: மெதுவா... வழுக்கும்.

சம்பந்தியம்மா: விழுந்தா தூக்குவீங்களா?

சம்பந்தி: முதல்ல பாட்டிலைத் தூக்குவேன்.

சம்பந்தியம்மா: பையனைப் பெத்தவங்க புத்தி.

சம்பந்தி: ஒரே சீரா இறக்குங்க. மேலயிருந்து அடி வரைக்கும், அடியிலயிருந்து மேல வரைக்கும். அடியில வெச்சுக் கிண்டாதீங்க.

சம்பந்தியம்மா: நான் இந்த வேலைக்கு வந்தப்ப உங்க தலையில முடி இருந்துச்சு. எனக்கே சொல்றீங்களா?

சம்பந்தி: கிண்டுறீங்க.

சம்பந்தியம்மா: கிண்டல.

சம்பந்தி: கயிறு ஆடுதே.

சம்பந்தியம்மா: மீன் இடிச்சிருக்கும்.

சம்பந்தி: இந்தச் சேத்துல மீனுக்குக் கண்ணு தெரிஞ்சா இடிக்காம போகும். பாவம், அதுவும் தடவிக்கிட்டுத்தான் வருது.

சம்பந்தியம்மா: பிடிச்சாச்சு. கூம்பை எடுங்க. பாதியை அதுல ஊத்தி மண்ணு இறங்குற வரைக்கும் பார்ப்போம்.

சம்பந்தி: ம்... ஊத்துங்க. தட்டாதீங்க. கண்ணாடி.

சம்பந்தியம்மா: உட்காருங்க அந்தப் பாறையில. முழங்காலுக்கு நல்லது. பிளாஸ்க்ல டீ இருக்கு.

சம்பந்தி: எந்த டீ? கூம்புல இருக்கிறதும் அதே நிறமா இருக்கு, மாத்திக் குடுத்துடாதீங்க... உங்க பொண்ணு நேத்து உங்களுக்குப் போன் பண்ணினா போலிருக்கு?

சம்பந்தியம்மா: பண்ணினா.

சம்பந்தி: என்ன சொன்னா?

சம்பந்தியம்மா: குழந்தை உதைக்குதாம். ‘மாமா மாதிரியே பொறுமை இல்ல’ன்னா.

சம்பந்தி: வேற?

சம்பந்தியம்மா: வேற என்ன... மாமா சரியா சாப்பிடறதில்லைன்னா. ராத்திரி ஹால்ல நடந்துக்கிட்டே இருக்காராம்.

சம்பந்தி: வாயுத்தொல்லை.

சம்பந்தியம்மா: வேலையெல்லாம் எப்படிப் போகுது சம்பந்தி?

சம்பந்தி: ஓஹோன்னு போகுது.

சம்பந்தியம்மா: முதலாளி எப்படி இருக்கார்?

சம்பந்தி: குண்டா இருக்கார்.

சம்பந்தியம்மா: பாட்டில் தெளிவா வந்தா உங்களை என்ன பண்ணுவார்?

சம்பந்தி: என்ன பண்ணுவார்? கையைக் குலுக்குவார்.

சம்பந்தியம்மா: கையையா, கழுத்தையா?

சம்பந்தி: அது எங்க ஆபீசு விஷயம். உங்களுக்கு எதுக்கு?

சம்பந்தியம்மா: எனக்கு எதுக்கா? என் பொண்ணு நிறைமாசமா உங்க வீட்டுல படுத்திருக்கா. அது கம்பெனி குடுத்த வீடு. அலையக்கூடாது, படி ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். நாளைக்கு உங்க வேலைக்கு ஒண்ணுன்னா அவ பெட்டியைத் தூக்கிக்கிட்டு எங்கே போவா?

சம்பந்தி: ஏன் போறா? அவ புருஷன் சம்பாதிக்கலையா?

சம்பந்தியம்மா: சொக்கத்தங்கம்னீங்களே, நீங்களே சொல்லுங்க.

சம்பந்தி: சரி, அவன் பேச்சை விடுங்க. எனக்கே சிரிப்பு வருது.

சம்பந்தியம்மா: கூம்பைப் பாருங்க. மண்ணு இறங்கிடுச்சு.

சம்பந்தி: ஐயோ... என்னங்க இது? ஒரு விரக்கடைக்கு மேல நிக்குது. போன தடவை அடியில பொட்டு வெச்ச மாதிரிகூட இல்லையே.

சம்பந்தியம்மா: நல்லா இறங்கியிருக்கு. பாட்டில்ல சீட்டை ஒட்டுவோம். நீங்க ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து. வீட்டுக்குப் போயி காலை நீட்டலாம்.

சம்பந்தி: நான் போட மாட்டேன்.

சம்பந்தியம்மா: என்னது?

சம்பந்தி: போட மாட்டேன். தண்ணி தெளியட்டும். அப்புறம் வேற பாட்டில் பிடிப்போம்.

சம்பந்தியம்மா: சுரங்கக் கம்பெனிக்காரர் கலங்கின தண்ணிக்குக் கையெழுத்துப் போட மாட்டேங்கறார். இதை ஆபீசுல சொன்னா எனக்கு வெயில் பட்டுடுச்சுன்னு படுக்க வெச்சிடுவாங்க.

சம்பந்தி: தண்ணி ஆய்வு அம்மா சேத்துப் பாட்டிலை மடியில வெச்சுக்கிட்டு ‘போடு போடு’ன்னு நிக்கறாங்க. அதை நான் யார்கிட்ட சொல்றது? நீங்க பேசவேண்டிய வசனத்தையெல்லாம் நான் பேசிட்டிருக்கேன். தொண்டை காயுது.

சம்பந்தியம்மா: பிடிவாதம் பிடிக்காதீங்க.

சம்பந்தி: மழை இல்லாம ஓடை கலங்கினா ஏதோ கோளாறுன்னு அர்த்தம். கோளாறு இருந்தா பாட்டில் செல்லாது. அதுவும் உங்க ஆபீசு முறைதான்.

சம்பந்தியம்மா: சரி, அப்படின்னா நாளைக்கு வருவோம்.

சம்பந்தி: நாளைக்கு முடியாது. இன்னிக்கே.

சம்பந்தியம்மா: ஏன், நாளைக்கு என்ன?

சம்பந்தி: நாளைக்கு... பல் டாக்டர்.

சம்பந்தியம்மா: உங்களுதே கட்டின பல்லு.

சம்பந்தி: கட்டினதுக்கும் டாக்டர் வேணும்.

சம்பந்தியம்மா: நாளைன்னிக்கு?

சம்பந்தி: நாளைன்னிக்குக் கண் டாக்டர். ஏங்க குடையறீங்க? வாங்க, மேலே நடந்து போயி எங்கயிருந்து கலங்குதுன்னு பார்ப்போம்.

சம்பந்தியம்மா: மேலேயா? மேலே எதுக்கு?

சம்பந்தி: சேறு கீழேயிருந்தா மேலே ஏறி வரும்?

சம்பந்தியம்மா: என் முழங்கால்...

சம்பந்தி: இப்பத்தானே நடு ஓடையில டான்ஸ் ஆடிட்டு வந்தீங்க?

சம்பந்தியம்மா: அட்டை இருக்கும்.

சம்பந்தி: இருக்கட்டும். என் ரத்தத்துல சர்க்கரை. குடிச்சா அதுக்குத்தான் கேடு.

சம்பந்தியம்மா: அந்த வளைவுகிட்ட பாம்பு இருக்கு சம்பந்தி. பெரிசு. காலையில பார்த்தேன்.

சம்பந்தி: காலையிலயா? நாம வந்து இறங்கினதே இப்பத்தானே?

சம்பந்தியம்மா: போன தடவை... காலையில.

சம்பந்தி: அப்படின்னா இந்நேரம் அது பேரன் பேத்தி எடுத்திருக்கும். நடங்க. தண்ணியில இறங்காதீங்க, கரையோரமா வாங்க. நம்ம காலும் சேர்ந்து கலக்கிடப்போகுது.

சம்பந்தியம்மா: சொன்னா கேக்கறீங்களா... மெதுவா போங்களேன்.

சம்பந்தி: வாங்க வாங்க.

சம்பந்தியம்மா: ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். இந்தப் பாட்டில் தெளிவா இருந்தா என்ன, கலங்கலா இருந்தா என்ன? நாம ரெண்டு பேரும் கண்ணை மூடினப்புறம் இந்த ஓடை என்ன ஆகப்போகுதோ...

சம்பந்தி: நீங்களா பேசறது? போன தடவை ஒரு பாட்டில் மூடி சரியா பொருந்தலேன்னு, அத்தனை தூரம் திரும்பி வந்து மறுபடியும் பிடிச்சீங்க. எனக்கு அன்னிக்குக் கால் விட்டுப்போச்சு. வாயில வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னேன்.

சம்பந்தியம்மா: கேட்டுச்சு.

சம்பந்தி: கேக்கணும்னுதான் சொன்னேன்... நில்லுங்க. நில்லுங்க. பாருங்க.

சம்பந்தியம்மா: என்ன?

சம்பந்தி: இந்தச் சாய்ஞ்ச மரம். இதுக்கு மேல தண்ணி எப்படி இருக்கு?

சம்பந்தியம்மா: ...தண்ணி மாதிரி இருக்கு.

சம்பந்தி: கண்ணாடி மாதிரி இருக்கு. மரத்துக்குக் கீழே?

சம்பந்தியம்மா: மரம் ஏதாவது கக்கியிருக்கும்.

சம்பந்தி: மரம் கக்குமா?

சம்பந்தியம்மா: வேர்... வேர்லயிருந்து.

சம்பந்தி: கரையைச் சரிச்சுத் தண்ணிக்குள்ள தள்ளியிருக்கான் ஒரு மகராசன். கரை எவ்வளவு அரிக்குதுன்னு பார்க்க நாம அடிச்ச கம்பிகூட அந்தரத்துல தொங்குது பாருங்க. அட பாவி. மண்ணு இன்னும் கரைஞ்சுக்கிட்டே இருக்கு.

சம்பந்தியம்மா: தானா சரிஞ்சிருக்கும்.

சம்பந்தி: தானா சரிஞ்ச கரையில மண்வெட்டித் தடம் எப்படி வரும்?

சம்பந்தியம்மா: அது மண்வெட்டித் தடமா?

சம்பந்தி: பின்னே? பொக்லைன் இறங்கியிருந்தா சக்கரம் பதிஞ்சிருக்கும். இது கை வெட்டுதான். ஆனா என்ன வெட்டு இது... எலி சோப்பைக் கடிச்ச மாதிரி.

சம்பந்தியம்மா: அவ்வளவு மோசமாவா இருக்கு?

சம்பந்தி: பாதி வெட்டு மண்ணுல, பாதி வெட்டு காத்துல. இந்தா, இங்க கல்லுல போட்டு நங்குன்னு ஒண்ணு. மண்வெட்டியைப் படத்துல மட்டும் பார்த்தவன் வேலை.

சம்பந்தியம்மா: விடிஞ்சும் விடியாமலும் வெட்டியிருக்கும். பார்வை தெரிஞ்சிருக்காது.

சம்பந்தி: வெட்டினவனுக்குப் பரிஞ்சு பேசறீங்களா?

சம்பந்தியம்மா: பரியல. நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல.

சம்பந்தி: நியாயமா? இவனுக்கு நாலு நாள் முதுகு நிமிராது பாருங்க. அந்த நியாயம் போதும். எனக்குத் தெரியும் இது யாருன்னு. அந்த மச்சான்தான்.

சம்பந்தியம்மா: எந்த மச்சான்?

சம்பந்தி: முதலாளியோட மச்சான். தலையணைக்கும் பாறைக்கும் வித்தியாசம் தெரியாதவன். நாளையிலயிருந்து என் நாற்காலியில உட்காரப்போறானில்ல, இன்னிக்கே வேலையைக் காட்டிட்டான்.

சம்பந்தியம்மா: ...என்ன சொன்னீங்க?

சம்பந்தி: ஒண்ணும் இல்லையே.

சம்பந்தியம்மா: நாளையிலயிருந்து உங்க நாற்காலியில யாரு?

சம்பந்தி: வாய் தவறி வந்துடுச்சு. விடுங்க.

சம்பந்தியம்மா: சம்பந்தி, இந்தப் பக்கம் திரும்புங்க. என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க.

சம்பந்தி: ...இன்னியோட சரி. வீட்டுக்குப் போன்னுட்டாங்க.

சம்பந்தியம்மா: எப்ப?

சம்பந்தி: முந்தாநாள். அதுக்கு முந்தின நாள் முதல்ல போன்ல சத்தம் போட்டார். மறுநாள் ஆபீசுக்குக் கூப்பிட்டு உட்கார வெச்சு, தோள்ல கையைப் போட்டார். ‘பாட்டில் பிடிக்கிற அன்னிக்கு, நீங்க போறதுக்கு முன்னாடி பொக்லைனை ரெண்டு தடவை ஓடையில ஏத்தி இறக்குங்க, அவ்வளவுதான்’னார். முடியாதுன்னேன்.

சம்பந்தியம்மா: ஏன் அப்படிச் சொன்னீங்க?

சம்பந்தி: அவரும் அதைத்தான் கேட்டார். ‘அந்தப் பாட்டில்ல கையெழுத்துப் போடுற அம்மா என் சம்பந்தி. இத்தனை வருஷத்துல ஒரு சொட்டுத் தண்ணியில பொய் சொன்னதில்ல. அவங்க கையில என்னால சேத்தைக் குடுக்க முடியாது’ன்னேன்.

சம்பந்தியம்மா: என்னைப் பத்தியா அப்படிச் சொன்னீங்க?

சம்பந்தி: நல்லாச் சொன்னேனில்ல? இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் கம்பெனி ஆளு நான்தான், என் கையெழுத்துச் செல்லும். அதனாலதான் இன்னிக்கே தெளிவா பிடிக்கணும்னு அடம் பிடிக்கிறேன். நாளைக்கு அவன் வந்து நின்னா, பாட்டில்ல சேத்தைக் கரண்டியால அள்ளிப் போடுவான்.

சம்பந்தியம்மா: வீடு?

சம்பந்தி: வேற பார்த்துட்டேன். தரையோட இருக்கு, ஒரு படிகூட ஏற வேணாம். சன்னலைத் திறந்தா லாரி ஷெட்டு. திறக்காம இருந்தா நல்ல வீடுதான்... உங்க பொண்ணுகிட்ட இப்ப சொல்லிடாதீங்க. பிரசவம் ஆகட்டும்.

சம்பந்தியம்மா: அவதான் என்கிட்ட சொன்னா.

சம்பந்தி: எதை? வேலை போனதையா? வீட்டுல ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாதே.

சம்பந்தியம்மா: போனது தெரியாது. அந்த முதல் போன், அதான் தெரியும். ‘தண்ணி கலங்கலா வரலேன்னா வீட்டைக் காலி பண்ணு’ன்னு அவர் கத்தினது அடுத்த ரூம் வரைக்கும் கேட்டுச்சாம். நேத்து போன்ல அழுதா. எங்களுக்காக மாமா பயந்துக்கிட்டு ஏதாவது தப்பு பண்ணிடுவாரோன்னு அழுதா.

சம்பந்தி: பைத்தியக்காரப் பொண்ணு. வயித்துப் பிள்ளைக்காரி அழலாமா... அதை ஏன் நீங்க வந்ததுமே என்கிட்ட கேக்கல?

சம்பந்தியம்மா: நீங்க ஏன் சொல்லல?

சம்பந்தி: சொன்னா நீங்க பதறுவீங்க. பதறினா... ஏங்க, என்ன பண்றீங்க? பாட்டிலை ஏன் கொட்டுறீங்க?

சம்பந்தியம்மா: இனிமே இது எதுக்கு?

சம்பந்தி: இவ்வளவு நேரம் இதுக்குத்தானே என் உயிரை வாங்கினீங்க?

சம்பந்தியம்மா: வாங்கினேன். இப்ப வேணாம். தண்ணி தெளியற வரைக்கும் உட்காருவோம். கல்லையும் முதல்லயிருந்து எண்ணணும். இன்னிக்கு எண்ணினது ஒண்ணும் சரியில்ல.

சம்பந்தி: அப்படி வாங்க வழிக்கு. இப்பத்தான் எனக்கு என் சம்பந்தி மாதிரி தெரியறீங்க. வாங்க, ஆளுக்கு ஒரு பக்கமா இந்த மண்ணை அள்ளிக் கரையில போட்டுட்டா ஒரு மணி நேரத்துல தெளிஞ்சிடும்... என்ன நிக்கறீங்க? குனியுங்க.

சம்பந்தியம்மா: நீங்க அள்ளுங்க. நான் பார்த்துக்கிட்டிருக்கேன்.

சம்பந்தி: அது சரி. பொண்ணைப் பெத்தவங்க கரையில, பையனைப் பெத்தவன் சேத்துல... அப்பா, எவ்வளவு மண்ணு. சாமர்த்தியம் இல்லாட்டாலும் வெறி இருந்திருக்கு அவனுக்கு. அந்த மச்சான் மட்டும் என் கையில கிடைக்கட்டும். மண்வெட்டி பிடிச்ச கையை மடக்கி ஒடிச்சுத் தோள்ல மாட்டி அனுப்பலேன்னா பாருங்க.

சம்பந்தியம்மா: ஒடிக்கிறதுக்கு முன்னாடி இந்தக் கைக்குக் கொஞ்சம் எண்ணெய் தடவி விடுங்க சம்பந்தி... ரெண்டு உள்ளங்கையிலயும் கொப்புளம்.